ஜப்பானிய மொழியில் ‘பசிபிக் ஓவர்ச்சர்ஸ்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியூசிக்கல் என்ற பாட்டு நாடகம் பிடித்தவர்களிடம் இந்த நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப் பேர் பெயரே கேட்டதில்லை என்பார்கள். மீதிப் பேர் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். கதையை முடிவு வரை சொல்லியிருக்கிறேன். தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் பிறகு வந்து படிக்கலாம்.

இது என்ன நாடகம்? சுருக்கமா சொல்லுங்க.

ஜப்பானின் கதவை அமெரிக்கா பீரங்கிக் கப்பல்களோடு வந்து தட்டித் திறந்த கதை. இசையும் பாடல்களும் ஸ்டீபன் சோன்ட்ஹைம், வசனம் ஜான் வைட்மன். 1976 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில் ஹால் பிரின்ஸ் இயக்கத்தில் அரங்கேறியது. அமெரிக்கா தன் 200-வது பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த நேரத்தில் இப்படி ஒரு கதையை எடுத்ததற்கே துணிச்சல் வேண்டும்.

இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் 2000-இல் டோக்கியோவில் அமோன் மியாமோட்டோ ஜப்பானிய மொழியில் போட்ட மேடையேற்றத்தைப் பற்றி. அங்கே இதன் பெயர் ‘தைஹெய்யோ ஜொக்யோகு’.

கதை என்ன?

1853 ஜூலை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளிநாட்டவரை ஏறக்குறைய முழுக்க விலக்கி வைத்திருந்த ஜப்பான். நாகசாகி பக்கத்தில் ஒரு சின்னத் தீவில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் இடம். அப்போது உராகா என்ற கடற்கரையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி கமடோர் பெரியின் நான்கு கறுப்புக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவர்களைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு கயாமா என்ற சாதாரண சாமுராய் தலையில் விழுகிறது. உதவிக்கு மஞ்சிரோ. கடலில் தொலைந்து, அமெரிக்கர்களால் மீட்கப்பட்டு, அந்த நாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய மீனவன். வெளிநாட்டோடு தொடர்பு வைத்த குற்றத்துக்காகப் பிடிபட்டவன்.

அமெரிக்கர்கள் கரையிறங்காமல் விடமாட்டார்கள். அந்நியன் கால் ஜப்பான் மண்ணில் படக்கூடாது என்பது சட்டம். கயாமா ஒரு வழி கண்டுபிடிக்கிறான்: கடற்கரை முழுக்கத் தத்தாமிப் பாய் விரித்து, அதன்மேல் ஒரு வீடு கட்டி, அங்கேயே அவர்களை வரவேற்று அனுப்பிவிட்டு, பாய், வீடு எல்லாவற்றையும் அழித்துவிடலாம். மண்ணில் கால் படவில்லை; சட்டமும் மீறப்படவில்லை. அரசு அலுவலகத்தில் ஒருநாளாவது வேலை பார்த்தவருக்கு இந்த மூளை எங்கே பழுத்தது என்று உடனே தெரியும்.

இரண்டாம் பாதியில் அமெரிக்கர் திரும்பி வருகிறார்கள், பின்னாலேயே பிரிட்டன், ஹாலந்து, ரஷ்யா, பிரான்ஸ். கயாமா பதவியில் உயர உயர மேற்கத்திய வாழ்க்கைக்குப் பழகுகிறான். அமெரிக்காவை நேசித்த மஞ்சிரோவோ வாளேந்தி அந்நியரை வெறுக்கும் சாமுராய் ஆகிறான். கடைசியில் நண்பனை நண்பனே கொல்கிறான். அதன்பின் பேரரசர் அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறார், நாடகம் ஒரே தாவலில் நவீன ஜப்பானுக்கு வந்துவிடுகிறது.

அமெரிக்காக்காரங்க எழுதினது, பிராட்வேயில ஓடினது. ஜப்பான்காரங்க ஏன் எடுத்துப் போட்டாங்க?

முதலில், பிராட்வேயில் அது ஓடவில்லை. 193 காட்சிகளோடு முடிந்தது, போட்ட பணமும் திரும்பவில்லை. பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்கு 10 பரிந்துரைகள் கிடைத்தன. அரங்க அமைப்புக்கும் உடைக்கும் மட்டும் விருது வந்தது.

ஆனால் அந்த மேடையேற்றமே படம் பிடிக்கப்பட்டு, அதே ஆண்டு ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஜப்பானிய மொழியில் மேடைக்கு வர மட்டும் 2000 வரை ஆயிற்று. இவ்வளவு தாமதம் ஏன் என்று என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுச் சண்டையைப் பக்கத்து வீட்டுக்காரர் பாட்டாகக் கட்டிக் கொண்டுவந்தால் நீங்கள் உடனே வாங்கிப் பாடுவீர்களா? பாட்டு நன்றாகவே இருந்தாலும் கொஞ்ச நாள் ஆகும்.

அமோன் மியாமோட்டோ யாரு?

1958-இல் டோக்கியோவில் பிறந்தவர். ஷின்பாஷி என்பூஜோ என்ற பழைய நாடக அரங்குக்கு எதிரே அவர் பெற்றோர் காபிக் கடை வைத்திருந்தார்கள். கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடகத்தின் நடிகர்களும் நடனக்காரர்களும் வந்துபோகும் இடத்தில் வளர்ந்த பிள்ளை. நடனக்காரராகத் தொடங்கி, 1987-இல் இயக்குநராக அறிமுகமானார். அமெரிக்க மியூசிக்கல் மேல் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். கபுகியும் பிராட்வேயும் இரண்டுமே அவருக்கு வீட்டுச் சாப்பாடு. இந்த நாடகத்துக்கு அப்படி ஒருவர்தான் தேவைப்பட்டார்.

1976-ல வந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஹால் பிரின்ஸ் கபுகியைக் கையில் எடுத்தார். பார்வையாளர்களுக்கு நடுவே ஓடும் ஹனமிச்சி நடைமேடை, பெண் வேடங்களையும் ஆண்களே போடுவது, பெரிய திரைச்சீலைகள், காகித வேலைப்பாடு போன்ற அரங்கம். நடிகர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆசிய வம்சாவளியினர். அந்தக் காலப் பிராட்வேயில் அது சாதாரண விஷயம் இல்லை.

மியாமோட்டோ எதிர்த்திசையில் போனார். டோக்கியோவின் புதிய தேசிய அரங்கில் பெரிய அரங்கங்கள் இருக்க, சின்ன அரங்கில் போட்டார். ருமி மட்சுயி வடிவமைத்த மேடை, ‘நோ’ என்ற இன்னொரு பழைய ஜப்பானிய நாடக வகையின் வெறும் மரத் தளத்தை நினைவூட்டுவது. ஆடம்பரம் இல்லை. 1976-இல் கபுகி என்பது அமெரிக்கப் பார்வையாளருக்குக் காட்டப்பட்ட அதிசயம். டோக்கியோ பார்வையாளரிடம் கபுகியைக் காட்டி வியக்கவைக்க முடியாது, அவர்கள் மெட்ரோ பிடித்துப் போய் நிஜக் கபுகியே பார்த்துவிடுவார்கள். அதனால் அலங்காரம் உதிர்ந்து கதை மட்டும் மிஞ்சியது. எனக்கு இதுதான் பிடிக்கிறது. பழைய மேடையேற்றத்தின் அழகில் கதையின் கோபம் கொஞ்சம் அமுங்கிப்போயிருந்தது.

சோன்ட்ஹைம்னாலே சொல் விளையாட்டுதானே? ஜப்பானிய மொழியில் பாடினா எல்லாம் போயிடாதா?

கொஞ்சம் போகத்தான் செய்யும். ஜப்பானியப் பாட்டில் பொதுவாக ஒரு ஸ்வரத்துக்கு ஒரு அசை. ஆங்கிலத்தில் ‘நான்’ சொல்ல ஒரே அசை போதும். ஜப்பானியத்தில் ‘வதஷி’ என்று மூன்று. அதனால் அதே மெட்டில் பாதிச் செய்திதான் அடங்கும். எதை விடுவது என்று மொழிபெயர்ப்பவர் முடிவெடுத்தாக வேண்டும். ஆங்கில எதுகைகளின் பளபளப்பை அப்படியே கொண்டுவருவது நடக்காத காரியம்.

ஆனால் இந்த நாடகத்தில் ஒரு வசதி. பல பாடல்கள் ஏற்கனவே ஹைக்கு போலச் சுருக்கமாக எழுதப்பட்டவை. கயாமாவும் மஞ்சிரோவும் நடந்துகொண்டே மாறி மாறிக் கவிதை சொல்லும் பாட்டில் மழை, பனி, நிலவு என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவன் மனைவியை நினைக்கிறான், இன்னொருவன் பாஸ்டனை நினைக்கிறான். இந்த மாதிரி இடங்கள் ஜப்பானியத்தில் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல இருக்கின்றன. ஐந்து நாட்டுத் தளபதிகளும் வரிசையாக வந்து ஒப்பந்தம் கேட்கும் பாட்டில் சிக்கல் குறைவு: அங்கே நகைச்சுவையில் பாதி இசையிலேயே இருக்கிறது. அமெரிக்கருக்கு ராணுவ அணிவகுப்பு, பிரிட்டிஷாருக்கு கில்பர்ட்–சல்லிவன் என்ற பழைய ஆங்கில நகைச்சுவை ஆபரா இரட்டையர் பாணியில் மூச்சுவிடாத வேகப் பாட்டு, டச்சுக்காரருக்கு மரக்காலணி ஆட்டம், பிரெஞ்சுக்காரருக்கு கான்கான் ஆட்டம். மொழி புரியாதவருக்கும் சிரிப்பு வரும்.

மேடையில ஒருத்தர் கதை சொல்லிக்கிட்டே இருக்காரே, அவர் யாரு?

அவர்தான் கட்டியக்காரன். கதை சொல்வார், நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனாகப் பேசுவார், தேவைப்பட்ட வேடமெல்லாம் எடுப்பார், முடிவில் பேரரசராகவே எழுந்து நிற்பார். 1976-இல் அந்த வேடம் மாகோவுக்கு.

டோக்கியோவில் மியாமோட்டோ தேர்ந்தெடுத்தது தகெஹாரு குனிமோட்டோவை. ரோகியோகு கலைஞர். ஷாமிசென் வாத்தியத்தோடு கதையைப் பாடியும் பேசியும் சொல்லும் மக்கள் கலை அது. நம்முடைய கதாகாலட்சேபம் பார்த்தவர்களுக்கு அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் அந்நியமாக இருக்காது. இன்னொரு விஷயம்: குனிமோட்டோவுக்கு அமெரிக்க ப்ளூகிராஸ் இசையிலும் ஈடுபாடு. மேற்கை எதிர்த்து நிற்கும் ‘சுத்தமான’ பழமை என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை பாருங்கள். 2015-இல் 55 வயதில் காலமாகிவிட்டார்.

வெள்ளைக்காரங்களை எப்படிக் காட்டுறாங்க? அவங்களும் ஜப்பானியம்தான் பேசுவாங்களா?

மூலத்திலேயே இதற்கு ஒரு தந்திரம் உண்டு. ஜப்பானியர்கள் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள், அமெரிக்கர்கள் உடைந்த ஆங்கிலம் பேசுவார்கள். ஹாலிவுட்டில் எப்போதும் நடப்பதற்கு நேர் தலைகீழ். மொழி ஜப்பானியம் ஆனதும் இந்தத் தந்திரம் தந்திரமாகவே தெரியாமல் இயல்பாகிவிடுகிறது. வந்தவன் மொழி தெரியாமல் உளறுகிறான், அவ்வளவுதான்.

தோற்றமும் அப்படியே. மியாமோட்டோவின் அமெரிக்கர்களுக்குப் பெரிய மூக்கு வைத்த முகமூடிகள். இது கற்பனை இல்லை. 1850-களில் ஜப்பானில் அச்சாகி விற்ற படத்தாள்களில் பெரி நீண்ட மூக்குள்ள தெங்கு பூதம் மாதிரிதான் இருப்பார். அப்புறம் அந்தக் கொடி. கப்பல்கள் வரும் நேரத்தில் பிரம்மாண்டமான அமெரிக்கக் கொடி பார்வையாளர் தலைக்கு மேலேயே விரிந்து வரும். ஜப்பானியருக்கு அது வருகிறவனின் கொடி. 2002 ஜூலையில் இதே மேடையேற்றம் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் விழாவுக்குப் போனபோது, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊர் முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் அதே கொடி தொங்கியது. அந்த அரங்கில் உட்கார்ந்து, தங்கள் கொடியையே அச்சத்தோடு அண்ணாந்து பார்க்கும்படி ஆயிற்று. ஆங்கில மேலெழுத்து படித்துக்கொண்டு ஜப்பானியம் கேட்கிறார்கள் வேறு.

நியூயார்க்குக்கு எப்படிப் போச்சு? யார் கூப்பிட்டது?

2000-இல் சோன்ட்ஹைமுக்கு ஜப்பானின் பிரீமியம் இம்பீரியாலே என்ற கலை விருது கிடைத்தது. அதற்காக டோக்கியோ வந்தவர் நாடகத்தையும் பார்த்தார், பிடித்துப்போயிற்று. 2002-இல் லிங்கன் சென்டர், அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டனின் கென்னடி சென்டர். இரண்டிலும் ஜப்பானிய மொழியிலேயே நடந்தது.

தொப்பிப் பாட்டு ஒண்ணு இருக்காமே, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

‘எ பௌலர் ஹேட்’. சொல்லத்தான் வேண்டும், மேற்கத்தியமயமாதலைப் பற்றி மேடையில் இதைவிட நுட்பமாக எதையும் நான் பார்த்ததில்லை. கயாமா மேசை முன் உட்கார்ந்திருக்கிறான். ஏறக்குறைய பத்தாண்டுகள் ஒரே பாட்டில் ஓடுகின்றன. முதலில் கிமோனோவுக்கு மேலே ஒரு வட்டத் தொப்பி. அப்புறம் சட்டைப்பைக் கடிகாரம். வைன். ஒற்றைக் கண்ணாடி, பிறகு அதுவும் போய் மூக்குக் கண்ணாடி. கடைசியில் வாலுள்ள கோட். ஒவ்வொன்றும் அதனளவில் சின்ன விஷயம், எதிலும் குற்றம் சொல்ல முடியாது. பாட்டின் மெட்டு அமைதியாக அதே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும். ஆள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோயிருப்பான். மேடையின் மறுபக்கம் மஞ்சிரோ ஒரு வார்த்தை பேசாமல் தேநீர்ச் சடங்கு செய்துகொண்டிருக்கிறான்.

யாரும் கயாமாவைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். வரலாற்றில் அரசே முன்னால் நின்றது. 1871-இல் குடுமி கட்டாயமில்லை என்று ஆணை, 1872 தொடக்கத்தில் பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டது செய்தி, அதே ஆண்டு ஷின்பாஷியிலிருந்து யோகஹாமாவுக்கு ரயில், 1876-இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை. 1883-இல் ரொகுமெய்கான் என்ற மாளிகை கட்டி, அதிகாரிகளும் மனைவிமாரும் கவுனும் கோட்டும் போட்டு வால்ட்ஸ் ஆடினார்கள், சமமில்லாத ஒப்பந்தங்களைத் திருத்த அது உதவும் என்ற நம்பிக்கையில். கயாமாவின் தொப்பி இதற்கெல்லாம் கொஞ்சம் முந்தியது.

கயாமாவும் மஞ்சிரோவும் நிஜமா இருந்தவங்களா?

இருவரும் இருந்தார்கள், ஆனால் நாடகத்தில் வரும் மாதிரி இல்லை. கயாமா எய்சயெமோன் உராகாவின் அதிகாரி. அமெரிக்கர்களிடம் தன்னை ஆளுநர் என்று சொல்லிக்கொண்டு கப்பலேறிப் பேச்சு நடத்தினார். அந்தப் பொய் நிஜம்.

மஞ்சிரோ 1841-இல் படகோடு அடித்துச் செல்லப்பட்டு, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலால் மீட்கப்பட்டார். மாசசூசெட்ஸில் படித்தார், 1851-இல் ஊர் திரும்பினார். ஆனால் பெரியோடு நடந்த பேச்சில் அவரை மொழிபெயர்க்க விடவில்லை, உளவாளியோ என்ற சந்தேகம். அந்நிய வெறுப்பாளராகவும் அவர் மாறவில்லை. கப்பல் ஓட்டவும் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்தார், 1860-இல் கன்ரின் மாரு கப்பலில் மொழிபெயர்ப்பாளராக அமெரிக்கா போய்வந்தார், 1898-இல் இயற்கையாக இறந்தார். நாடகம் அவருக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டது என்றே சொல்வேன்.

நாடகத்துல ஷோகுனுக்கு அவங்க அம்மாவே விஷம் கொடுக்கிறாங்களே, அது நிஜமா?

கற்பனை. ஷோகுன் இயெயோஷி பெரி வந்த அதே மாதம் நோயால் இறந்தார். அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு எழுதிய பாட்டு அது. அருமையான பாட்டு.

மரத்து மேல ஆள் உட்கார்ந்திருக்கிற பாட்டு ஏன் இவ்வளவு பேசப்படுது?

பாய் விரித்துக் கட்டிய வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நடக்கிறது. உள்ளே என்ன பேசினார்கள் என்று மேடையில் காட்டவே மாட்டார்கள். மரத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்த பையன், அவனே கிழவனாகி நினைவுகூர்வது, தரைக்கு அடியில் ஒளிந்திருந்து கேட்ட போர்வீரன், இவர்கள் மட்டும்தான். ஒருவன் பார்த்தான், கேட்கவில்லை. ஒருவன் கேட்டான், பார்க்கவில்லை. தான் எழுதியவற்றில் சோன்ட்ஹைமுக்கு மிகப் பிடித்த பாட்டு இது.

வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒருமுறை போட்டுக்காட்ட வேண்டும். பெரியின் பயணத்தைப் பற்றி அமெரிக்க அரசு பெரிய தொகுதிகளாக அச்சிட்டது. அவர் கப்பல் வழியில் இலங்கையின் காலி துறைமுகத்தில் நின்றதுகூட அதில் இருக்கிறது. மரத்திலிருந்தவன் பக்கத்துக் கதையை எழுத ஒருவர் வேண்டியிருந்தது, எழுதியவர்களும் அமெரிக்கர்களாகவே போய்விட்டார்கள்.

கடைசிப் பாட்டில் அணுகுண்டு வருதாமே? மூலத்தில் அது இருக்கா?

1976-இல் இல்லை. ‘நெக்ஸ்ட்’ என்ற அந்தப் பாட்டில், அதுவரை கிமோனோவில் இருந்தவர்கள் மேற்கத்திய உடையில் வேகவேகமாக ஆடுவார்கள், பெண்களும் முதல்முறையாக மேடைக்கு வருவார்கள். ஜப்பானியக் கார், கடிகாரம் எல்லாம் அமெரிக்காவில் எப்படி விற்கிறது என்ற தகவல்கள் நடுநடுவே வரும். பாடம் கற்ற மாணவன் வாத்தியாரையே மிஞ்சிவிட்டான் என்ற தொனி. வணிகப் போட்டி பற்றிய அமெரிக்கப் பதற்றமும் அதில் உண்டு.

மியாமோட்டோ அந்த ஓட்டத்தின் நடுவில் குண்டை வைத்தார். கண்ணைக் கூசும் வெளிச்சம், சத்தம், ஆட்டம் நின்றுபோகிறது. பிறகு மெல்ல எழுந்து மறுபடி ஓட்டம். 1853-க்கும் டொயோட்டாவுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று ஜப்பானியர் கேட்காமல் விட முடியாது. இது நாடகத்துக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்தது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறை சொல்வதென்றால் வேறொன்று சொல்லலாம்: மேற்கிடம் கற்ற ஜப்பான் கொரியாவிலும் சீனாவிலும் போய் அதையே செய்தது. பேரரசரின் அறிவிப்பில் அந்த வாடை வருகிறது, அதற்கு மேல் நாடகம் போவதில்லை. பாதிக்கப்பட்டவன் கதை பாதி, பாதித்தவன் கதை கால்வாசி.

2004-ல பிராட்வேயில் அதே இயக்குநர் போட்டாரே, அது ஏன் பெரிசா பேசப்படல?

ஸ்டூடியோ 54 அரங்கில், ஆங்கிலத்தில், பி. டி. வாங் கட்டியக்காரராக நடித்தார். பிராட்வே மியூசிக்கல் இயக்கிய முதல் ஆசியர் என்று மியாமோட்டோவை அறிமுகப்படுத்தினார்கள். டிசம்பரில் தொடங்கி அடுத்த ஜனவரி முடிவில் நின்றது. டோனிக்கு நான்கு பரிந்துரைகள், விருது இல்லை.

மட்டமான மேடையேற்றம் இல்லை. ஆனால் மேலே வெள்ளைக்காரர் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்: ஆங்கிலத்துக்குத் திரும்பியதும் தந்திரம் மறுபடி தந்திரமாகிவிட்டது. 2002-இல் நியூயார்க் பார்வையாளர் தன் ஊரிலேயே மொழி புரியாமல் உட்கார்ந்திருந்தார். 2004-இல் அந்த அசௌகரியம் இல்லை. பாடல்களை ஒலிப்பதிவில் கேட்க விரும்புவோருக்கு இந்த 2004 குழுவின் பதிவு நல்ல தொடக்கம்.

இப்ப ஜப்பானில் போடுறாங்களா?

2023-இல் ஒசாகாவின் உமேடா ஆர்ட்ஸ் தியேட்டரும் லண்டனின் மெனியர் சாக்லேட் ஃபேக்டரியும் சேர்ந்து புதிதாகச் செய்தார்கள், இயக்கம் மேத்யூ வைட். முதலில் டோக்கியோ, ஒசாகாவில் ஜப்பானியத்தில். அப்புறம் லண்டனில் ஆங்கிலத்தில் வேறு நடிகர்களோடு. இந்த முறை இயக்குநர் பிரிட்டிஷார்.

மேற்கத்தியமயமாதலைக் கேள்வி கேட்கிற நாடகத்தை பிராட்வே மியூசிக்கல் வடிவத்திலேயே ஜப்பானியர் போடுறது முரண் இல்லையா?

முரண்தான், ஆனால் 2000-இல் புதிதாக வந்த முரண் இல்லை. தகராசுகா பெண்கள் குழு 1914-லிருந்தே மேற்கத்திய இசையோடு ஆடிப்பாடி வருகிறது. 1963-இல் டோக்கியோவில் ‘மை ஃபேர் லேடி’ ஜப்பானிய மொழியில் வந்தது, 1983-இல் ‘கேட்ஸ்’. நாடகம் போடும் முன்பே கயாமாவின் தொப்பி அரங்கத்தில் எல்லோர் தலையிலும் இருந்தது. சோன்ட்ஹைமின் இசையும் அதையே செய்கிறது: முதல் பாதியில் ஐந்து ஸ்வரச் சாயலும் ஷாமிசெனுமாக இருப்பது, வெளிநாட்டார் வர வர பிராட்வேக்குப் பக்கத்தில் நகர்ந்துவிடும். ‘நெக்ஸ்ட்’ வரும்போது பழைய ஒலி எதுவும் மிச்சமில்லை.

அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் 1966-இல் திறந்த தேசிய அரங்கு கபுகிக்கும் பொம்மலாட்டமான புன்ராகுவுக்கும். 1997-இல் ஹட்சுதாயில் திறந்த புதிய தேசிய அரங்கு ஆபரா, பாலே, நவீன நாடகத்துக்கு. அரசே இரண்டையும் தனித்தனிக் கட்டடமாகப் பிரித்து வைத்திருந்தது. கறுப்புக் கப்பல் வந்த கதை, ஷாமிசென் கலைஞரையும் கூட்டிக்கொண்டு, இரண்டாவது கட்டடத்தில்தான் நடந்தது.